மன்னாரில எனக்கு வந்த காய்ச்சலும் எங்கட கிணத்தடிக்கு வந்தவையும்

ஆறு வருசமா உகண்டாவில, கம்பாலாவில வேலை. இந்தமுறை லீவு கிடைச்சு ஊருக்கு, இலங்கையில மன்னாருக்குப் போனனான். ஒன்பதாம் நாள் பின்னேரம் குளிர் துவங்கிச்சுது, அந்த வெயிலுக்குள்ள ரெண்டு போர்வை போத்தியும் பல்லு அடிக்குது, பிறகு நெருப்பு மாதிரிக் காய்ச்சல், பிறகு உடுப்பெல்லாம் நனையிற வேர்வை. காலமை எழும்பினா ஒண்டும் இல்லாத மாதிரி. டவுனில ஒரு தனியார் கிளினிக்கில காட்டினன். டெங்கா இருக்கும் எண்டு ரத்தத்துக்கு எழுதிப் பனடோலும் தந்து அனுப்பிட்டினம். எங்கயிருந்து வந்தனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானா வாய் திறந்து சொல்லியிருக்கோணும், சொல்லேல்லை, அதை நினைச்சா இப்பவும் மனசுக்குக் கஷ்டமாக் கிடக்கு.

அடுத்தநாள் திரும்பவும் அதே குளிர். அம்மா தான் நெத்தியில கை வைச்சுப் பாத்திட்டு, "இது வன்னியில இடம்பெயர்ந்து இருக்கேக்க எங்களுக்கு வந்த காய்ச்சல் மாதிரியே கிடக்கு, எழும்பு, பெரியாஸ்பத்திரிக்குப் போவம்" எண்டவ.

அங்க ஓ.பி.டியில இருந்த இளம் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே "வெளிநாடு ஏதும் போய் வந்தனீங்களோ அண்ணா?" உகண்டா எண்டன். எழுதிக்கொண்டிருந்த பேனையை அப்பிடியே வைச்சிட்டா. அங்கயே விரல் நுனியில குத்தி, கண்ணாடித் தட்டில ஒரு துளியைத் தடிப்பாவும் இன்னொரு துளியை மெல்லிசா இழுத்தும் எடுத்து அனுப்பினவை. மலேரியா தான், பல்சிப்பாரம் எண்ட வகை, மலேரியா வகையளுக்குள்ள பொல்லாதது. வீட்ட விடேல்லை, வாட்டில மறிச்சு மூண்டு நாள் குளிசை. அதுக்கு மேல வேற ஒரு குளிசையும் ஒரே ஒருக்கா தந்தவை, இது ஏன் எண்டு கேட்டன். "இது உங்களுக்கில்லை அண்ணா, உங்களைக் கடிக்கிற நுளம்புக்குக் கிருமி போகாம இருக்க" எண்டா. ஒரு சதம் செலவில்லை.

நான் வாட்டில இருக்கேக்கயே அரசாங்கத்தின்ர மலேரியா தடை இயக்கத்துக்காரர் எங்கட வீட்ட போய், அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுச் சனத்துக்கும் ரத்தம் எடுத்திருக்கினம். நான் வீட்ட வந்த அண்டைக்கும் ஒரு அய்யா மோட்டசைக்கிளில வந்தவர். எங்கட கிணத்தில வாளியால அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில ஊத்தி என்னைக் குனிஞ்சு பாக்கச் சொன்னவர். சின்னச் சின்னக் குடம்பியள். தலைகீழாத் தொங்கினா அது வேற நுளம்பு தம்பி, தண்ணியோட சமாந்தரமாப் படுத்துக் கிடந்தா அது அனோபிலிஸ், மலேரியா பரப்புற இனம் எண்டவர். ரெண்டு மூண்டு படுத்துக் கிடந்துது. கிணத்துக்குள்ள மீன்குஞ்சு விட்டிட்டுப் போனவர்.

இந்த நாட்டில மலேரியா இல்லையே, பிறகேன் இவ்வளவு ஓட்டம் எண்டு அவரிட்ட கேட்டன். அவர் சொன்னதைக் கேட்டுத் தான் எனக்கு விளங்கினது. 1934-35இல மழை பொய்ச்சு, ஆறுகள் வத்திக் குட்டை குட்டையா நிண்டு, அதில நுளம்பு பெருகி 80,000 பேர் அளவில செத்த நாடு இது. பிறகு டிடிடி எண்ட நுளம்பு மருந்து அடிச்சு அடிச்சு 1963இல முழு இலங்கைக்கும் 17 நோயாளர் எண்ட அளவுக்குக் கொண்டு வந்தவை. முடிஞ்சுது எண்டு மருந்தடியையும் ரத்தம் பாக்கிறதையும் குறைச்சினம், 1969இல அஞ்சு லட்சத்துக்கு மேல ஆக்களுக்கு மலேரியா. அதுக்குப் பிறகு திரும்ப மல்லுக்கட்டி, சண்டைக்குள்ளயும் விடாம வேலை செய்து, உள்ளூரில தொத்தின கடைசி ஆள் 2012 ஒக்டோபர். 2016 செப்டெம்பரில உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு எண்டு சேர்டிபிகேட் குடுத்துது.

ஆனா அதே 2016 முடியேக்க தான் இந்தியாவில டவுன் பக்கம் மலேரியா பரப்புற ஸ்டீபன்சி எண்ட அனோபிலிஸ் நுளம்பை மன்னார் கிணறுகளில கண்டுபிடிச்சவை. பழைய நுளம்பு ஆத்துப் பக்கம், காட்டுப் பக்கம் தான். இது வீட்டுக் கிணத்திலயும் தண்ணித் தொட்டியிலயும் வளரும். நுளம்பு இருக்கு, கிருமி மட்டும் இல்லை. அந்தக் கிருமியை என்னைப் போல ஆக்கள் தான் பிளேனில கொண்டு வாறம். கம்பாலாவில மலேரியா எண்டா தடிமன் மாதிரிக் கதைப்பினம், 2023இல உலகத்தில ஆறு லட்சம் பேர் கிட்ட செத்ததில 95 வீதம் ஆப்பிரிக்காவில எண்டு தெரிஞ்சும் எங்களுக்கு அது பழகிப் போச்சு.

ஆப்பிரிக்கா, இந்தியா எண்டு போற ஆக்களுக்கு மலேரியா தடை இயக்கத்தில தடுப்புக் குளிசை சும்மா குடுக்கினம், போறதுக்கு முதல் போய்க் கேட்டு வாங்குங்கோ. திரும்பி வந்து காய்ச்சல் எண்டா, டொக்டர் கேக்குமட்டும் இருக்காம எங்க போனனீங்கள் எண்டதை முதல் சொல்லுங்கோ.

பிறகும் கிழமைக்கு ஒருக்கா ரத்தம் பாத்தவை. நான் வெளிக்கிட முதல் நாளும் அதே அய்யா வீட்ட வந்து, சூட்கேசுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்து, விரல் குத்தித் தட்டில எடுத்துக்கொண்டு தான் போனவர்.