காரைக்குடியில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

பதிமூணாயிரத்து ஐந்நூறு ரூபாய். பில்லும் இல்லை, இப்ப போனை எடுக்கவும் ஆள் இல்லை. கடைப் பேரைப் போடல. பழைய கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வித்து, மாட்டியும் குடுக்குற கடைன்னு வச்சுக்கங்க. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில் விவரமா எழுதுறேன்.

என் மெஷின் எச்110 மதர்போர்டு, ஐ5-6500 ப்ராசசர், 8 ஜிபி ரேம் ரெண்டு. ப்ராசசரையும் மாத்தணும்னு நினைச்சேன், ஆனா இந்த போர்டுல எட்டாம் தலைமுறை ஐ5-8400 ஓடாது. சாக்கெட் ரெண்டுக்கும் எல்ஜிஏ1151தான், அளவா உக்காரவும் செய்யும், ஆனா 300 வரிசை சிப்செட் (போர்டோட கட்டுப்பாட்டுச் சில்லு) இல்லாம பூட் ஆகாது. ஏழாம் தலைமுறை ஓடும், அதுக்கு முன்னாடி போர்டுல பதிஞ்சிருக்குற தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கணும், அதையும் பழைய ப்ராசசர் மாட்டியிருக்கும்போதே செஞ்சுடணும். வம்பே இல்லாம மாட்டக்கூடியது ஐ7-6700. நாலு கோர், எட்டு த்ரெட், அதே 65 வாட், பழைய ஃபேனே போதும். அதோட கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. பழைய ஐ5-ஐ கழிச்சது போக ப்ராசசர் 6,000, கார்டு 7,000, மாட்டுக்கூலி 500. கணக்கு வரைக்கும் சரிதான்.

ஏமாந்த இடம் எதுன்னா, கார்டுல பழைய மானிட்டர் வயர் சொருகுற நீல நிற விஜிஏ போர்ட் இருந்துச்சு. "உங்க பழைய மானிட்டருக்கு கன்வர்ட்டரே வேணாம்ணே, அப்படியே சொருகிக்கலாம். நம்ம ஊர்க் கடையில வாங்கிட்டு எதுக்குக் கவலைப்படுறிய?"ன்னு சொல்லி கடைக்காரர் காபி வாங்கியாரச் சொன்னாரு. அந்த விஜிஏ போர்ட்தான் திருட்டுக்கே அடையாளம். ஜிடிஎக்ஸ் 10 வரிசையில என்விடியா விஜிஏ-வுக்குத் தேவையான அனலாக் வெளியீட்டையே எடுத்துடுச்சு. 1060-ல விஜிஏ இருக்க வழியே இல்லை. தெரிஞ்ச விஷயம், அந்த நேரத்துல மண்டையில ஏறல. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய எனாமல் தட்டைக்கூட சுண்டிப் பார்த்து வாங்குற ஊருங்க இது!

கடையில காட்டினது விண்டோஸ் டிவைஸ் மேனேஜர். "ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி"ன்னு வந்துச்சு. வரத்தான் செய்யும், கார்டோட பயாஸையோ டிரைவரையோ மாத்தி வச்சா போலிப் பேரைத்தான் அது காட்டும். ஓட்டிக் காட்டினது கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, அது எந்தக் கார்டுலயும் ஓடும். கிளம்பும்போது, கார்டை இயக்குற மென்பொருளான டிரைவரைப் பத்தி ஒரு வார்த்தை: "டிரைவர் மட்டும் அப்டேட் பண்ணிடாதிய."

வீட்டுக்கு வந்து ஜிடிஏ 5 போட்டா நாலே நிமிஷம், திரை முழுக்கக் கோடு, அப்புறம் கருப்பு. கார்டோட விவரத்தைக் காட்டுற ஜிபியு-ஸீ மென்பொருளைப் போட்டுப் பார்த்தா பேருக்கு முன்னாடியே 'ஃபேக்'னு காட்டுது. கார்டுக்குள்ள கணக்குப் போடுற ஷேடர் யூனிட் 192. அசல் 1060-க்கு 1280. சூட்டை இழுக்குற ஹீட்சிங்கைக் கழற்றிப் பேஸ்டைத் துடைச்சா சில்லு மேல ஜிஎஃப்116. 2011-ல வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ-யோட சில்லுங்க அது! நிஜமா இருக்குறது 1 ஜிபி மெமரி. 6 ஜிபி இருக்குன்னு நம்பி கேம் அதுக்கு மேல எழுதப் போகும்போதுதான் சுருளுது. ரெண்டு கார்டுலயும் 6 பின் பவர்தான், மெமரி பாதையும் 192 பிட்தான், அதனால மேலோட்டமாப் பார்த்தா எதுவும் இடிக்காது. டிரைவரைத் தொடாதேன்னு சொன்னதுக்கும் காரணம் இதுதான். அந்தக் காலத்துச் சில்லுக்குப் புது டிரைவர் வர்றதே நின்னு போச்சு.

அதோட விடல. 16 ஜிபி ரேம் 8-தான் காட்டுது. ரெண்டு ரேமும் ஒரு ஸ்லாட்ல ஓடுது, இன்னொண்ணுல எதுவும் ஓடல. ப்ராசசரை எடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தா சாக்கெட்டுல ரெண்டு பின் படுத்துக் கிடக்கு. நாங்க காபி குடிச்ச நேரத்துல மாட்டினது.

திரும்பிப் போனா முதல் நாள் "டிரைவர் பிரச்சினை". ரெண்டாம் நாள் "எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பத்தல, 2,800-க்கு நல்லது ஒண்ணு இருக்கு". மூணாம் நாள் "ஓனர் தேவகோட்டையில கல்யாணத்துக்குப் போயிருக்காக". ஜிபியு-ஸீ படத்தை அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்லை. நாலாம் நாள் ஓனரே பேசினாரு: "செகண்ட் ஹேண்டுக்கு டெஸ்டிங் வாரண்டிதாண்ணே. ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்திய? ஹீட்சிங்கை வேற கழட்டிட்டிய." பின் வளைஞ்சது? "ஏற்கனவே அப்படித்தான் இருந்துச்சு." அப்ப 16 ஜிபி அதுவரைக்கும் எப்படி ஓடுச்சுன்னு கேட்டதுக்கு லைன் கட்டு. 13,500 ரூபாய்க்கு கையில இருக்குறது 'எஸ்டிமேட்'னு போட்ட ஒரு துண்டுச் சீட்டு.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப பொறுமை இல்லை. ஜிபியு-ஸீயை பென் டிரைவ்ல கொண்டு போங்க, கடை மெஷின்ல இருக்குறதை நம்பாதிய. 1060-ன்னா ஷேடர் 1280 இருக்கணும், 3 ஜிபி கார்டுன்னா 1152. 1060-ல விஜிஏ போர்ட் இருந்தா அப்படியே திரும்பிடுங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம பணம் குடுக்காதிய, யுபிஐ-ல குறிப்பு எழுதி அனுப்புங்க. நுகர்வோர் உதவி எண் 1915, இன்னைக்குக் கூப்பிட்டேன், முதல் கேள்வியே பில் இருக்கான்னுதான். மாட்டுறதுக்கு முன்னாடி சாக்கெட்டைப் போன்ல படம் எடுத்துக்கங்க. மாட்டி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நில்லுங்க, காபி வேணாம்னுடுங்க.