பெர்லின் டிஃபென்ஸ்: சில வருடங்கள் ஆடிப் பார்த்ததில்

சதுரங்கத்தில், கறுப்புக் காய்களில் 1.இ4-க்கு (வெள்ளை முதல் நகர்த்தலில் ராஜா முன் சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ளுவது) எதிராகச் சில வருடங்களாக நான் ஆடுவது பெர்லின் டிஃபென்ஸ் என்ற தொடக்க முறைதான். டிரா வேண்டுமா, பெர்லின் ஆடு என்பார்கள். டிரா வரும், ஆனால் சும்மா வராது.

2000-இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் இதை வைத்துத்தான் அப்போதைய சாம்பியன் காஸ்பரோவைக் கட்டிப்போட்டார். நான்கு பெர்லின் ஆட்டங்கள், நான்கும் டிரா. உலகப் பட்டமும் கைமாறியது. இதன் முக்கிய வழியில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டுவிடும். கறுப்பு ராஜா டி8-ல் நிற்கும், காஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து நகர்த்திப் பத்திரப்படுத்துவது) கிடையாது, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய். பார்க்கச் சகிக்காது. பதிலுக்கு நமக்கு இரண்டு மந்திரிகள். மற்ற காய்கள் எல்லாம் போய் வெறும் சிப்பாய்கள் மிஞ்சினால் மட்டும் கறுப்புக்குச் சங்குதான்: ராஜா பக்கம் வெள்ளைக்கு நாலு சிப்பாய், நமக்கு மூன்று. அதனால் எதை வெட்டுகிறோம் என்பதில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது.

சமீபத்தில் ஒரு டோர்னமெண்டில், ரேட்டிங்கில் என்னைவிட நன்றாகவே மேலே இருந்தவரோடு இதே நிலை. கறுப்புக் கட்ட மந்திரியை பி4-க்குக் கொண்டுபோய் அவருடைய சி3 குதிரையை வெட்டினேன். அப்புறம் மிச்சக் குதிரைகளும் யானைகளும் மாறிப் போயின. கடைசியில் அவரிடம் கறுப்புக் கட்ட மந்திரி, என்னிடம் வெள்ளைக் கட்ட மந்திரி. ராஜாவை இ6-ல், மந்திரியை எஃப்5-ல், சிப்பாயை எச்5-ல் நிறுத்தினேன். மூன்றுமே வெள்ளைக் கட்டங்கள். அவர் மந்திரியால் தொடவே முடியாது. ஜி4 தள்ளினால் சிப்பாய் போகும். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு மந்திரியை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு டிராவுக்குக் கைகொடுத்தார். எனக்கு அது வெற்றி மாதிரிதான்.

குறைகளும் உண்டு. வெள்ளையில் ஆடும் ரேட்டிங் குறைந்தவர் டிராவில் கிடைக்கும் அரைப் புள்ளிக்கு ஆசைப்பட்டால், 6-வது நகர்த்தலில் இ5-ஐ வெட்டி, ராணியால் செக் மேல் செக் கொடுத்து 14 நகர்த்தலில் முடித்துவிடலாம். இப்போது நிறையப் பேர் 4.டி3 என்று ஆடி ராணி மாற்றத்துக்கே இடம் கொடுப்பதில்லை. அதில் எனக்குப் புகார் இல்லை, காய்கள் நிறைய மிஞ்சும். 2013 சென்னை உலகப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் டி3 ஆடினார். கறுப்பில் கார்ல்சன் ஜெயித்தார்.

கடைசிச் சுற்றில் ஜெயித்தே ஆக வேண்டுமென்றால் மட்டும் நான் சிசிலியன் என்ற வேறு தொடக்க முறைக்குப் போய்விடுவேன்.