பில்லில் சிஎஸ்பி-5, சுங்கத்தில் "கிஃப்ட்": வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பித் தொழில் செய்பவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் வீட்டில் இருந்தபடியோ சின்னக் கடை வைத்தோ வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பிப் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. புடவை, பித்தளை விளக்கு, கொலு பொம்மை, சலங்கை, நடன உடை எனப் பலதும் போகின்றன. அவர்கள் அத்தனை பேரும் இதைப் படிக்க வேண்டும். பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது, ட்ராக்கிங்கில் "டெலிவர்டு" என்று வந்துவிட்டது என்பதற்காக எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உங்கள் பெயரில், உங்கள் ஆதார் எண்ணை வைத்து, ஏஜென்ட் சுங்கத்துறையிடம் என்ன எழுதிக் கொடுத்தார் என்று அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள்.

நானும் என் அக்காவும் அல்சூரில் பரதநாட்டிய காஸ்ட்யூம் தைக்கிறோம். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் மத்திய அலுவலகமான டிஜிஎஃப்டியில் ஐஇசி, அதாவது ஏற்றுமதி-இறக்குமதி எண் எடுத்திருக்கிறோம். ஏற்றுமதிப் பணம் எந்த வங்கிக் கிளைக்கு வரும் என்று சுங்கத்துக்குக் காட்டும் ஏடி கோடும் வங்கியில் வாங்கியிருக்கிறோம். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரமான எல்யுடி-யை ஒவ்வொரு நிதியாண்டும் போடுகிறோம். இங்கிலாந்தில் நாட்டியப் பள்ளி நடத்தும் ஒரு டீச்சர், தன் மாணவியின் அரங்கேற்றத்துக்காக மூன்று பட்டு காஸ்ட்யூம், வடசேரி நகை செட் இரண்டு, சலங்கை எல்லாம் ஆர்டர் கொடுத்தார். மொத்தம் 1,12,000 ரூபாய். பணம் முழுவதும் முன்கூட்டியே வங்கி வழியாக, ஏற்றுமதிக்கான முன்பணம் என்ற கணக்கில் வந்தது.

சிவாஜிநகர் பக்கம் இருக்கும் ஒரு கொரியர் ஏஜென்ட்டிடம் பெட்டியைக் கொடுத்தோம். பெரிய சர்வதேச கொரியர் கம்பெனிகளின் சேவையை வாங்கி, குறைந்த விலைக்கு விற்பவர். தமிழ் பேசுபவர், தெரிந்த கடைக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பியவர். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஐஇசி, ஜிஎஸ்டி, ஏடி கோடு, எல்யுடி நகல்களோடு எங்கள் ஏற்றுமதி இன்வாய்ஸையும் கொடுத்து, கொரியரில் போகும் வியாபாரச் சரக்குக்கான சுங்கப் படிவமான "சிஎஸ்பி-5-ல்தான் போடணும்" என்று நேரிலும் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். "கவலையே படாதீங்கக்கா, தினமும் இதைத்தானே பண்றோம்" என்றார். கேஒய்சிக்கு என்று ஆதார் நகலும் கேட்டார், கொடுத்தோம். அவர் கொடுத்த பில்லில் கொரியர் கட்டணத்துக்குக் கீழே இரண்டு வரிகள் தனியாக இருந்தன: "சிஎஸ்பி-5 பைலிங்" 1,500 ரூபாய், "இன்சூரன்ஸ் 2 சதவீதம்" 2,240 ரூபாய். இந்த இரண்டு வரிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையை 16 கிலோ என்று போட்டிருந்தார். பெட்டி தராசில் 9 கிலோதான். ஆனால் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடை தராசு எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் எக்ஸ்பிரஸ் கொரியரில் காசு, அது வழக்கமான முறை. அதில் எனக்குக் குறை இல்லை.

பெட்டி தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து கிளம்பி இங்கிலாந்து சுங்கத்தில் நின்றது. நகரவே இல்லை. டீச்சருக்கு மதிப்புக்கான ஆதாரம் கேட்டு மெயில் வந்தது. அவர் நேர்மையாக எங்கள் இன்வாய்ஸையும் தான் பணம் அனுப்பிய ரசீதையும் அனுப்பி வைத்தார். அப்புறம்தான் அவருக்கே தெரிந்தது, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் "கிஃப்ட், டிரஸ், 35 பவுண்டு" என்று இருந்திருக்கிறது. எங்கள் இன்வாய்ஸ் அதில் இல்லவே இல்லை. ஏஜென்ட் தானே ஒரு இன்வாய்ஸ் அடித்து ஒட்டியிருக்கிறார். இங்கிலாந்தில் 39 பவுண்டு வரையிலான பரிசுக்கு வாட் வரி இல்லை. ஆனால் அது ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு அனுப்புவதாக இருக்க வேண்டும். கடை அனுப்பி, வாங்கியவர் காசு கொடுத்த சரக்கு எப்படிப் பரிசாகும்? 135 பவுண்டைத் தாண்டினால் வாட்டோடு சுங்க வரியும் உண்டு என்று டீச்சருக்குத் தெரியும். கட்டத் தயாராகவே இருந்தார். அந்த 35 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. 39-க்குக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நாங்க கிஃப்ட்னு போடச் சொல்லவே இல்லையே, என் பேர்ல இப்படி ஒரு பொய் ஏன்?" என்று கேட்டபோது பதில் சொல்ல வார்த்தை வரவில்லை. கடைசியில் மதிப்பைத் திருத்தி, வரியும் கையாளும் கட்டணமும் கட்டி அவர் பெட்டியை எடுத்தார். அதற்குள் அரங்கேற்றம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் இரவல் காஸ்ட்யூமில் ஆடினாள். அவள் அளவுக்கு ஒவ்வொரு விசிறி மடிப்பும் பார்த்துப் பார்த்துத் தைத்தது எங்களுக்குத்தான் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் ஏஜென்ட்டோடு சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். இங்கே நடந்தது அதைவிட மோசம்.

ஜிஎஸ்டி கணக்கு பார்த்த ஆடிட்டர் ஷிப்பிங் பில் கேட்டார். ஏஜென்ட் ஏர்வே பில்லை அனுப்பினார். அது சரக்கு ஏற்றிய ரசீது மட்டும்தான். சுங்கத்தில் தாக்கல் செய்த கொரியர் ஷிப்பிங் பில்தான் ஏற்றுமதிக்குச் சான்று. அதைக் கேட்டபோது "சிஸ்டம்ல வரும்கா", "ஏர்போர்ட்ல கேட்டிருக்கேன்கா" என்று இழுத்தடித்தார். கொரியர் கம்பெனியை நேரடியாகக் கேட்டால், கணக்கு ஏஜென்ட் பெயரில் இருக்கிறது, உங்களுக்குத் தர முடியாது என்றார்கள். சுங்கத் தாக்கலில் அனுப்புநராக என் ஆதார் எண் இருக்கும்போது எனக்கு நகல் தர மறுக்க என்ன காரணம் என்று எழுத்தில் கேட்ட பிறகுதான் அனுப்பினார்கள்.

வந்தது சிஎஸ்பி-4. அதாவது பரிசுக்கும் மாதிரிக்கும் உள்ள படிவம். மதிப்பு நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். ஐஇசி எண் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, ஏடி கோடு இல்லை. அனுப்பியவர் என்ற இடத்தில் கடைப் பெயர்கூட இல்லை, ஆதாரில் உள்ளபடி என் பெயர், என் வீட்டு முகவரி. கடைக்காரியாகப் போன என்னைச் சொந்தக்காரருக்குப் பரிசு அனுப்பிய பெண்ணாக மாற்றியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு படிவத்துக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கொரியரில் வியாபாரச் சரக்கு போவதற்கென்றே இருப்பது சிஎஸ்பி-5. முன்பு ஒரு பார்சலுக்கு 5 லட்சம் ரூபாய் என்று இருந்த உச்சவரம்பை 2023 வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் 10 லட்சமாக உயர்த்தினார்கள். நம்மைப் போன்ற சிறிய ஆட்களுக்காக வந்த வசதி அது. அதில் போனால்தான் சரக்கும் வந்த பணமும் ஒன்றோடொன்று பொருந்தும். சிஎஸ்பி-4-ல் போனால் அரசாங்கக் கணக்கில் நாம் எதையும் விற்கவில்லை. இன்று என் வங்கி கேட்கிறது: "வெளிநாட்டுப் பணம் வந்திருக்கு, அதுக்கான சரக்கு எங்கே?" எல்யுடி-யில் வரியில்லாமல் அனுப்பியதாகக் கணக்கு காட்டியிருக்கிறோம். இன்வாய்ஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு ஏற்றுமதி ஆகியிருக்க வேண்டும், ஆகாவிட்டால் வரியும் 18 சதவீத வட்டியும் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 96ஏ. சரக்கு போனது ஊருக்கே தெரியும். காகிதத்தில் போகவில்லை.

ஆடிட்டர் அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவின்படி, தெரிந்தே பொய்யான தகவல் தாக்கல் செய்தால் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் போட முடியும். பொய் எழுதியது ஏஜென்ட், ஆனால் தாளில் இருப்பது என் பெயர். நான் எழுதச் சொல்லவில்லை என்பதை நிரூபிக்க என்னிடம் இருப்பது அந்த வாட்ஸ்அப் செய்தியும், "சிஎஸ்பி-5 பைலிங்" என்று அவரே காசு வாங்கிய பில்லும்தான்.

நேரில் போய்க் கேட்டபோது ஏஜென்ட் கொஞ்சமும் தயங்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான்கா அனுப்புறாங்க. அவங்களுக்கு டியூட்டி மிச்சம் பண்ணிக் கொடுத்தேன்ல?" என்றார். இன்சூரன்ஸ் பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். அப்படி ஒன்று எடுக்கவே இல்லை. 35 பவுண்டு என்று எழுதிய பெட்டிக்கு 1,12,000 ரூபாய்க்கு யார் இன்சூரன்ஸ் தருவார்கள்? பெட்டி வழியில் தொலைந்திருந்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒன்றுமில்லை.

எனக்குப் புரிந்தவரை அவர்கள் இப்படிச் செய்வதற்குக் காரணம் சோம்பேறித்தனமும் பேராசையும். சிஎஸ்பி-5-க்கு ஏடி கோடைச் சுங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், பொருளின் வகையைக் காட்டும் சுங்க எண்ணான எச்எஸ் கோடைச் சரியாகப் போட வேண்டும், ஒரு எண் தப்பினாலும் பெட்டி நிற்கும். கிஃப்ட் என்றால் எதுவும் வேண்டாம், ஆதார் போதும். இன்னொன்றும் இருக்கிறது. சுங்கத்தில் தாக்கல் செய்யும் உரிமை, அங்கே பதிவு பெற்ற கொரியர் கம்பெனிக்குத்தான் உண்டு. நம் தெருவில் போர்டு மாட்டியிருக்கும் ஏஜென்ட்டுக்கு அந்தப் பதிவு இருக்காது. அவர் நம் சரக்கைத் தன் கணக்கில் ஏற்றிவிடுகிறார், பொறுப்பு என்று வரும்போது கொரியர் கம்பெனி அவரைக் காட்டுகிறது, அவர் கம்பெனியைக் காட்டுகிறார்.

அதனால் சொல்கிறேன். பெட்டியைக் கொடுக்கும்போதே, எந்தக் கொரியர் கம்பெனி எந்தப் படிவத்தில் தாக்கல் செய்யப் போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பெட்டியில் ஒட்டும் இன்வாய்ஸ் உங்களுடையதுதானா என்று ஒட்டும் முன் பார்த்துப் படம் எடுங்கள். வியாபாரச் சரக்குக்கு உங்கள் ஐஇசியையும் ஜிஎஸ்டி எண்ணையும் விட்டுவிட்டு ஆதாரை மட்டும் பிடித்துக்கொள்கிறார் என்றால் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுக்கும் ஆதார் நகலின் மேல் எந்தப் பார்சலுக்கு, எந்தத் தேதியில் என்று பேனாவால் குறுக்கே எழுதிக் கொடுங்கள். விமானம் ஏறிய சில நாட்களில் கொரியர் ஷிப்பிங் பில் நகல் கைக்கு வர வேண்டும். அது வராமல் அடுத்த பெட்டியைக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸுக்குத் தனியாகக் காசு வாங்கினால் பத்திர எண்ணைக் கேளுங்கள்.

சின்ன அளவில் அனுப்புகிறவர்களுக்குத் தபால் துறையும் நல்ல வழி. தாக் கர் நிர்யாத் கேந்திரா என்று ஏற்றுமதிக்கென்றே மையங்கள் இருக்கின்றன. தபால் ஏற்றுமதிப் பில்லை நம் பெயரில் ஆன்லைனில் நாமே போடலாம், நடுவில் ஆள் தேவையில்லை. வேகம் எக்ஸ்பிரஸ் அளவுக்கு இருக்காது. அரங்கேற்றம் மாதிரி தேதி குறித்த வேலை என்றால் முன்கூட்டியே தைத்து முடிக்க வேண்டியிருக்கும்.

என் விஷயம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததை முழுவதும் எழுதி, எல்லா நகல்களோடும் சுங்க அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். அவர்கள் கேட்கும் முன் நாம் சொல்லிவிட வேண்டும் என்பது ஆடிட்டரின் யோசனை. ஏற்றுமதிக்குப் பிறகு ஷிப்பிங் பில்லைத் திருத்த வேண்டுமானால், சுங்கச் சட்டம் 149-ஆம் பிரிவின்படி ஏற்றுமதி நடந்த நேரத்திலேயே கையில் இருந்த ஆவணங்களை வைத்துத்தான் கேட்க முடியும். பிறகு உருவாக்கிய எதுவும் செல்லாது. இன்வாய்ஸ், பணம் வந்த சான்று, ஏஜென்ட்டுக்கு அனுப்பிய செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். வியாபாரம் செய்கிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று யாராவது சொன்னால் பின்வாங்காதீர்கள். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு 2019 சட்டத்தில் இடம் இருக்கிறது. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை.

மனு போட்ட தகவல் தெரிந்ததும் ஏஜென்ட் பைலிங் காசையும் இன்சூரன்ஸ் காசையும் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று ஆள் அனுப்பினார். மறுத்துவிட்டோம். டீச்சருக்கு நாங்கள் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம், அதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

பெங்களூரில் யாராவது சிஎஸ்பி-4-ல் தவறாகப் போன வியாபாரச் சரக்குக்குத் திருத்தம் வாங்கியிருந்தால், எந்த ஆவணங்களைக் கேட்டார்கள், எவ்வளவு காலம் ஆனது என்று தயவுசெய்து எழுதுங்கள். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் ஏஜென்ட் வழியாக அனுப்பியவர்கள் பழைய பார்சல்களின் ஷிப்பிங் பில் நகலை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் தராவிட்டால் ஏர்வே பில் எண்ணைக் குறிப்பிட்டு கொரியர் கம்பெனிக்கே எழுதுங்கள். எங்களுக்கு நகல் வாங்கித் தந்த கடிதத்தின் வாசகம் வேண்டுமென்றால் தருகிறேன்.