நைரோபியில் எம்-பெசா: ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி ரவுண்டானா டீக்கடையில் பத்து ரூபாய்க்கும் ஸ்கேன் பண்ணிப் பழகியவர்கள், கென்யாவின் தலைநகர் நைரோபியில் இறங்கியதும் தடுமாறுவது பணம் கொடுக்கிற இடத்தில்தான். ஊரும் பாஷையும் இரண்டு நாளில் பிடிபட்டுவிடும். ஆனால் பையில் டாலர் இருந்தும், கார்டு இருந்தும், போனில் யுபிஐ இருந்தும் மட்டாட்டு வண்டியின் கண்டக்டருக்கோ ரோட்டோரம் சோளம் சுட்டு விற்கிற அம்மாவுக்கோ அந்த மூன்றாலும் பிரயோஜனம் இல்லை. அங்கே ஓடுவது எம்-பெசா என்கிற செல்போன் பணம். 2007இல் சஃபாரிகாம் என்ற செல்போன் கம்பெனி தொடங்கியது. 'பெசா' என்றால் சுவாஹிலியில் பணம். நம்ம பைசாதான் கடல் தாண்டிப் போய் பெசா ஆனது. ரயில் பாதை போடப் போன இந்தியக் கூலித் தொழிலாளர்களும் கடை வைத்த குஜராத்திகளும் வாழ்ந்த ஊர் அது. கடைக்கு 'டுக்கா', வண்டிக்கு 'காரி', லட்சத்துக்கு 'லக்கி' என்று இன்றைக்கும் அங்கே சொல்கிறார்கள்.

ஓசூர் ரோஜாக்காரர்கள் ஜூன் மாதம் வெஸ்ட்லேண்ட்ஸ் ஓஷ்வால் சென்டரில் நடக்கிற மலர்க் கண்காட்சிக்குப் போகிறார்கள், அப்படியே நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளையும் பார்க்கிறார்கள். சிங்கம், யானை பார்க்கக் குடும்பத்தோடு போகிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சொல்வது இதுதான்: நைரோபியில் முதல் ஒரு மணி நேரத்தை எம்-பெசாவுக்கு ஒதுக்குங்கள். மீதி நாட்கள் சுலபமாகும்.

முதலில் யுபிஐக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். யுபிஐ நம்ம பேங்க் கணக்கிலிருந்து நேராக எடுக்கிறது. எம்-பெசாவில் பணம் சிம் கார்டோடு சேர்ந்த பையில் இருக்கிறது. ரொக்கத்தை ஏஜென்ட் கடையில் கொடுத்தால் அந்தப் பைக்குள் போகும். திரும்ப ரொக்கமாக எடுக்கவும் ஏஜென்ட்தான். பேங்க் கணக்கே வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். பட்டன் போனில் *334# அடித்தாலே மெனு வந்துவிடும். நைவாஷா போகிற மலைச்சரிவுப் பாதையில் டேட்டா விட்டுவிட்டு வரும்போது இந்த வசதியின் அருமை தெரியும்.

சிம் வாங்குவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தில் வெளியே வந்ததும் சஃபாரிகாம் கடை இருக்கிறது, ஊருக்குள்ளும் இருக்கின்றன. ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு அங்கேயே போக வேண்டும். சிம் பதிவு முடிந்ததும் நகர்ந்துவிடாமல், எம்-பெசாவையும் அதே கவுண்டரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனிப் பதிவு. பிறகு வருகிற எஸ்எம்எஸ்ஸில் உள்ளபடி நாலு இலக்க பின் நம்பரை நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். தெருவில் 'ரெடியா ஆக்டிவேட் ஆனது' என்று விற்கிற சிம்மைத் தொடவே வேண்டாம். அது வேறொருவர் பெயரில் இருக்கும். நீங்கள் போடுகிற பணமும் அவர் பெயரில்தான் கிடக்கும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு, இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பவர்களும், அப்பா பெயர் சர்நேம் இடத்தில் வந்தவர்களும், பெயர் எப்படிப் பதிவாகிறது என்று திரையில் பார்த்துவிட்டே நகர வேண்டும். பணம் எடுக்கும்போது ஏஜென்ட் பாஸ்போர்ட்டையும் தன் போனில் வருகிற பெயரையும் ஒத்துப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் கொடுக்கத் தயங்குவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று: இரண்டு சிம் போடுகிற போனாகக் கொண்டுபோங்கள். நம்ம சிம்மில் ரோமிங்கைக் கிளம்புமுன்பே போட்டு வைத்தால்தான் பேங்க் ஓடிபி வரும். கார்டில் இன்டர்நேஷனல் யூசேஜ் ஆஃபில்தான் இருக்கும். பேங்க் ஆப்பில் அதையும் ஆன் செய்ய வேண்டும்.

பணம் போடுவது எளிது. டாலரை ஃபாரெக்ஸ் கடையில் ஷில்லிங்காக மாற்றிக்கொண்டு, பச்சை நிற எம்-பெசா போர்டு உள்ள எந்தக் கடைக்கும் போகலாம். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ ஒன்றரை ஷில்லிங் கணக்கு. பழைய, கிழிந்த, எழுத்துப் பட்ட டாலர் நோட்டை வாங்க மாட்டார்கள். முன்பு போனவர் யாராவது பழைய 1000 ஷில்லிங் நோட்டு மிச்சம் வைத்திருந்து கொடுத்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2019 செப்டம்பர் 30ஓடு அது செல்லாமல் போய்விட்டது. இப்போதைய நோட்டுகளில் தலைவர் முகப்படம் கிடையாது, கேஐசிசி என்கிற மாநாட்டுக் கட்டடம் இருக்கும்.

ஏஜென்ட்டிடம் ரொக்கம், போன் நம்பர், பாஸ்போர்ட் மூன்றும் கொடுத்தால் போதும். போடுவதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் போனில் 'எம்-பெசா' என்ற பெயரிலிருந்து எஸ்எம்எஸ் வந்து, பேலன்ஸ் ஏறியதைப் பார்க்கும்வரை கடையை விட்டு நகரக்கூடாது. சில நேரம் ஏஜென்ட் 'ஃப்ளோட் இல்லை' என்பார். தன் கணக்கில் இருக்கிற மின்பணம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஞாயிறு சாயங்காலம் இது அதிகம் நடக்கும். பக்கத்துக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

பணம் கொடுப்பதில் மூன்று வழி இருக்கிறது. எந்த வழி என்று தெரியாமல் நம்பரை அடிப்பதால்தான் பணம் எங்கோ போய்விடுகிறது. தனி ஆளுக்கு என்றால் 'சென்ட் மணி', போன் நம்பர் கேட்கும். கடைச் சுவரில் 'டில்' என்று போட்டு ஒரு நம்பர் எழுதியிருந்தால் 'பை குட்ஸ்'. ஹோட்டல், ஷட்டில் கம்பெனி போன்ற இடங்களில் 'பே பில்'. இதில் கம்பெனி நம்பரோடு அக்கவுண்ட் நம்பர் என்று இன்னொன்றும் கேட்கும். புக்கிங் எண்ணையோ ரூம் எண்ணையோ அங்கே சரியாகப் போடாவிட்டால் பணம் போய்ச் சேரும், ஆனால் உங்கள் கணக்கில் வரவு வைக்க மாட்டார்கள். தொகையும் பின்னும் அடித்தபிறகு வாங்குகிறவர் பெயர் திரையில் வரும். கடைக்காரரிடம் பெயரைக் கேட்டு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். டில்லில் கொடுக்கிற நமக்குக் கட்டணம் இல்லை. தனி ஆளுக்கு அனுப்பினால் 100 ஷில்லிங் வரை இலவசம், அதற்கு மேல் தொகைக்கு ஏற்பக் கட்டணம் உண்டு. ரொக்கமாக எடுத்தாலும் கட்டணம் உண்டு. ஒரு தடவைக்கு 2,50,000 ஷில்லிங், பையில் மொத்தம் 5,00,000 ஷில்லிங் என்பது உச்ச வரம்பு.

தப்பான நம்பருக்குப் போய்விட்டால் வந்த எஸ்எம்எஸ்ஸை அப்படியே 456க்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டும். வாங்கியவர் அதற்குள் எடுத்துவிட்டால் கஷ்டம்தான். எஸ்எம்எஸ் தாமதமாக வந்தால் போகவில்லை என்று நினைத்து இரண்டாம் முறை அனுப்பாதீர்கள், முதலில் பேலன்ஸ் பாருங்கள். சாதாரண நம்பரிலிருந்து 'தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்' என்று வருகிற செய்தி மோசடி. அப்போதும் எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் பேலன்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

இனி ஊருக்குள் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மட்டாட்டு என்பது 14 சீட் வேனும் 33 சீட் மினிபஸ்ஸும். நம்ம ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் சேர்ந்த மாதிரி. மஞ்சள் கோடு, பக்கவாட்டில் ரூட் நம்பர். 111 நோங் என்ற ஊருக்குப் போகும். 125, 126 லங்காட்டா ரோட்டில் தேசியப் பூங்காவின் மெயின் கேட்டைத் தாண்டிப் போகும். சீட் நிறையும்வரை கிளம்பாது. ஊருக்குள் கட்டணம் பெரும்பாலும் 50லிருந்து 150 ஷில்லிங்குக்குள். சாயங்காலமும் மழை பெய்தாலும் ஏறிவிடும், ஏறும் முன்பே 'பெசா ன்காபி?' (எவ்வளவு பணம்?) என்று கேட்டுவிட வேண்டும். கண்டக்டர் தன் நம்பரைச் சொல்வார், அனுப்பிவிட்டு எஸ்எம்எஸ்ஸைக் காட்டினால் போதும். ஆனாலும் 50, 100 நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் வைத்திருப்பது நல்லது. வண்டி ஆடும்போது ஜன்னலோரம் போனை எடுத்து நம்பர் அடித்தால், டிராஃபிக்கில் வெளியிலிருந்து கை நீட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. உள்பக்க சீட்டில் உட்கார்ந்து அனுப்புங்கள். இருட்டியபின் ரிவர் ரோடு பக்கம் மட்டாட்டு மாறுவதைத் தவிர்த்து டாக்ஸி பிடியுங்கள்.

ஆப் டாக்ஸியில் கார்டு என்று போட்டால் பல டிரைவர்கள் ட்ரிப்பை கேன்சல் செய்துவிடுகிறார்கள், எம்-பெசா என்றால் உடனே வருகிறார்கள். 27 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ்வே 2022இல் திறந்தது. விமான நிலையத்திலிருந்து வெஸ்ட்லேண்ட்ஸுக்கு நெரிசல் இல்லாமல் போய்விடலாம். டோல் பயணியின் தலையில்தான், டிரைவர் கேட்கும்போது பதில் சொல்லிவிடுங்கள். காலை ஃப்ளைட் பிடிக்க வண்டி சொல்லும்போது நேரத்தில் ஒரு கவனம்: சுவாஹிலியில் நேரக் கணக்கு காலை 6 மணியிலிருந்து தொடங்குகிறது. 'சா மோஜா' என்றால் நேர் அர்த்தம் ஒரு மணி, அவர்கள் சொல்வது காலை 7 மணி. இங்கிலீஷில் கேட்டு உறுதி செய்யாவிட்டால் ஃப்ளைட்டை விட்டுவிடுவீர்கள்.

நைரோபி தேசியப் பூங்கா 1946இல் தொடங்கியது, 117 சதுர கிலோமீட்டர். காண்டாமிருகத்தின் பின்னால் நகரத்து மாடிக் கட்டடங்கள் தெரிகிற இடம். யானை அங்கே காட்டில் கிடையாது, அதை நினைத்துப் போய் ஏமாற வேண்டாம். கேட்டில் ரொக்கம் வாங்குவதில்லை. அரசின் இ-சிட்டிசன் தளத்தில் கணக்குத் தொடங்கிக் கட்டணம் கட்ட வேண்டும். அதன் பே பில் நம்பர் 222222. கேட் முன்னால் வேறு நம்பர் சொல்லிக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். கணக்குத் தொடங்குவதை முந்தின ராத்திரி ரூமிலேயே முடித்துவிடுங்கள். காலை 6 மணிக்குள் கேட்டில் இருந்தால்தான் சிங்கம் கண்ணில் படும், அந்த நேரத்தில் பாஸ்வேர்டு ரீசெட் செய்துகொண்டு நிற்கக்கூடாது. கென்யாவில் 2017லிருந்து பிளாஸ்டிக் கேரி பேக் தடை. பூங்காக்களுக்குள் 2020லிருந்து ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டுக்கும் இதே டில்தான். 'கிபாண்டா' என்கிற தகரக் கொட்டகைக் கடைகளில் சுவரில் பெயின்டால் நம்பர் எழுதியிருக்கும். வெள்ளைச் சோள மாவில் கிண்டுகிற உகாலி நம்ம களிக்குச் சொந்தக்காரன். உப்பு போட மாட்டார்கள். நம்ம களி போல வழுக்கிக்கொண்டு இறங்காது, கெட்டியாக இருக்கும். வலது கையால் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, அதில் 'சுக்குமா விக்கி' என்கிற கீரைப் பொரியலை அள்ளிச் சாப்பிட வேண்டும், மென்று. தர்மபுரிக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது 'உஜி வா விம்பி'. விம்பி என்பது நம்ம கேழ்வரகு. அந்தப் பயிர் பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில், நமக்கு அங்கிருந்துதான் வந்தது. புளிக்க வைத்துக் காய்ச்சிய அந்தக் கூழ் ஒரு டம்ளர் குடித்தால் பென்னாகரம் சந்தையில் நிற்கிற மாதிரி இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'பிலா ந்யாமா' என்று சொல்ல வேண்டும், கறி இல்லாமல் என்று அர்த்தம். பார்க்லேண்ட்ஸ் பக்கம் குஜராத்தி சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்.

எம்-பெசா செய்ய முடியாதவையும் உண்டு. கென்யாவுக்கு 2024லிருந்து விசாவுக்குப் பதில் இடிஏ என்கிற மின்னணுப் பயண அனுமதி. அதைக் கிளம்பும் முன் ஆன்லைனில் கார்டில் கட்ட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை பெங்களூரிலோ சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டு அட்டை வாங்குங்கள். அட்டை இல்லாமல் திரும்பினால் நம்ம ஏர்போர்ட்டிலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் 60 வயது தாண்டியவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போட வேண்டும். ஜூன், ஜூலையில் நைரோபி குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். ரோஜாக்காரர்களுக்கு அழுத்திச் சொல்கிறோம்: பண்ணையில் பார்த்த ரகம் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் குச்சி வெட்டிப் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். இறக்குமதி பர்மிட் இல்லாமல் இங்கே பிடித்துக்கொள்வார்கள். நம்ம மாம்பழத்தை அங்கே கொண்டுபோவதும் அப்படித்தான்.

எங்கள் மதிப்பீட்டில், அன்றாடச் செலவுக்கு எம்-பெசாவைவிட நல்ல வழி நைரோபியில் இல்லை. ஹோட்டல் பில், டூர் கம்பெனி அட்வான்ஸ் போன்ற பெரிய தொகைக்கு கார்டே மேல், தகராறு வந்தால் பேங்க்கில் கேட்க வழி இருக்கிறது. எம்-பெசா பையில் இரண்டு நாள் செலவுக்கு மேல் வைக்காதீர்கள், போன் போனால் எல்லாம் முடங்கும். ஷில்லிங்கை ஓசூரிலோ பெங்களூரிலோ மாற்றுவது கஷ்டம். அதனால் கிளம்புகிற முந்தின நாளே டாக்ஸிக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு, மீதியை ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட் காட்டி எடுத்து டாலராக மாற்றிவிடுங்கள். கடைசியில் 100 ஷில்லிங்குக்குள் ஏதாவது மிஞ்சினால் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்ட டிரைவருக்கே அனுப்பிவிடலாம், கட்டணம் இல்லை.