மாடி வரை வைஃபை: கேபிள் இழுத்த பிறகு

நங்கநல்லூரில் எங்கள் வீடு பழைய கட்டடம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மாடிக்கும் கீழுக்கும் நடுவே கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்பு வருவது கீழே ஹாலுக்கு. நான் வேலை பார்ப்பதோ மாடியில் பின்பக்க அறை. மேலே ஒன்று, கீழே ஒன்று என மெஷ் பெட்டிகள் (சேர்ந்து ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்புபவை) வைத்து, இரண்டையும் கேட் 6 என்னும் நெட்வொர்க் கேபிளால் இணைத்துச் சில வருடங்கள் ஆகின்றன. எனக்கு ரொம்பத் திருப்தி. அதற்குக் காரணம் பெட்டியைவிடக் கேபிள்தான்.

ரௌட்டர் பக்கத்தில் எப்போதுமே முழு வேகம் கிடைத்தது. மாடிக்குத்தான் வந்து சேரவில்லை. வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட்டைத் தாண்டுவதற்குள் துவண்டுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 என்று மூன்றுதான். சுற்றிலும் அடுக்குமாடிகள், எல்லா வீட்டு வைஃபையும் அதற்குள் முட்டி மோதுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

மலிவான ரிப்பீட்டர்கள் பலவும் வைஃபை சிக்னலை ஒரே சேனலில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புகின்றன. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னல் கோடு முழுசாகத் தெரியும், வீடியோ கால் மட்டும் திக்கித் திணறும். கேபிள் இல்லாத மெஷ்ஷுக்கும் நடுவில் தளம் இருந்தால் சிரமம்தான்.

கேபிள் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் நல்ல யோசனை சொன்னார்: "கரண்ட் வயர் போற பைப்புல வேணாம் சார். பழைய கேபிள் டிவி பைப் சும்மாதானே கிடக்கு?" சுவரை உடைக்காமல் வேலை முடிந்தது. கேபிள் வாங்கும்போது சுத்தச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியமும் அதே பெயரில் கடைகளில் விற்கிறது. நல்ல கேபிளில் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் போகும், வீட்டுக்கு அது தாராளம்.

இப்போது அம்மா அக்காவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டே மாடி ஏறுகிறார், அழைப்பு அறுவதில்லை. கரண்ட் போனாலும் இணையம் நிற்பதில்லை. ஃபைபர் மோடத்துக்கும் பெட்டிகளுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்திருக்கிறேன். அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும்.

குறையும் உண்டு. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நான் வைத்திருந்த சேனல் தானாக மாறிவிட்டது, திரும்பவும் போட வேண்டியிருந்தது. இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கும் மூலையில் இன்னமும் சிக்னல் மந்தம். உலோகம் அலையைத் தடுத்துவிடும். அதனால் பெட்டியை டிவிக்குப் பின்னாலோ பரணிலோ ஒளித்துவைக்காமல் திறந்த இடத்தில் வையுங்கள். சித்திரை வெயிலில் பரணின் சூடு வேறு அதற்கு ஆகாது.

வாடகை வீட்டில் பைப் காலியாக இல்லையென்றால், தட்டைக் கேபிளைச் சுவரோரமாகக் கிளிப் போட்டுப் படிவழியே மேலே கொண்டுபோகலாம். காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.