'அரசுப் பதிவு பெற்றது' என்ற போர்டை நம்பி ரூ.27,500 கட்டினேன்

டைப்பிங் பாஸ் பண்ணிவிட்டு, ஆபீஸ் வேலைக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எனக்குப் பணமும் போனது, எட்டு மாதமும் போனது. புகார் கொடுத்திருப்பதால் அந்த சென்டரின் பெயரைச் சொல்லவில்லை.

நான் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். நிமிடத்துக்கு 45 வார்த்தை வர, காலை ஆறு மணி பேட்ச்சில் இரண்டு வருடம் அடித்துப் பழகினேன். குரூப் 4 எழுதித் தட்டச்சர் ஆக வேண்டும் என்பது ஆசை. அதற்கு சி.ஓ.ஏ. என்ற கம்ப்யூட்டர் சான்றிதழும் வேண்டும். அதைத் தேடும்போதுதான் பேருந்து நிலையம் பக்கம் மாடியில் இருந்த போர்டு கண்ணில் பட்டது. 'அலுவலக நிர்வாக டிப்ளமோ. அரசுப் பதிவு பெற்றது. சி.ஓ.ஏ.வுக்கு இணையானது. 100 சதவீத வேலை.'

"இது இல்லாம குரூப் 4-க்கு அப்ளிகேஷனே போட முடியாதும்மா. இந்த வாரம் சேர்ந்தா மூவாயிரம் குறையும்" என்றார் அங்கிருந்த மேடம். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார். சேரும்போதே என் பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "ஃபைலுக்குத்தான், முடிஞ்சதும் தந்துடுவோம்" என்றார்கள். முடிந்த பிறகு, சர்டிபிகேட் ஃபீஸ் ரூ.2,500 கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அதையும் கட்டித்தான் மீட்டேன். மேலே சொன்ன தொகையில் அதுவும் சேர்த்தி.

பாடம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வேர்டில் லெட்டர், எக்ஸெல்லில் கூட்டல், டேலி ஆறு நாள். சொல்லிக்கொடுத்தவர் போன பேட்ச்சில் படித்த பெண். 100 சதவீத வேலை என்று அனுப்பியது ஒரு செல்போன் கடைக்கு, போனில் ஆள் பிடிக்கிற வேலைக்கு.

சான்றிதழை எடுத்துக்கொண்டு என் பழைய டைப்பிங் மாஸ்டரிடம் போனேன். ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "இது சி.ஓ.ஏ. இல்லம்மா." சி.ஓ.ஏ. தேர்வை நடத்திச் சான்றிதழ் தருவது தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். லோயர், ஹையர் தேர்வுகளை நடத்துகிற அதே இயக்ககம்தான். இணையானது என்று எந்தத் தனியார் சென்டரும் தானாக அச்சடித்துக் கொடுக்க முடியாது. என் ஹையர் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும்.

'அரசுப் பதிவு' என்பது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் ஆபத்து. அந்தச் சுவரில் மூன்று ஃபிரேம் மாட்டியிருந்தார்கள்: ஒரு டிரஸ்ட் பதிவு, ஒரு சிறு தொழில் பதிவு, ஒரு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ். டிரஸ்டை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். மளிகைக் கடைக்காரர்கூடச் சிறு தொழில் பதிவு வாங்கலாம். ஐ.எஸ்.ஓ. சான்றிதழைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள்தான் தருகின்றன. படிப்புக்கான அங்கீகாரம் இது எதிலும் கிடையாது. மாஸ்டரின் இன்ஸ்டிடியூட் சுவரில் இயக்ககத்தின் அங்கீகார ஆணையே எண்ணோடு தொங்குகிறது. இரண்டு வருடம் அதன் கீழே உட்கார்ந்து அடித்திருக்கிறேன், ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை.

விண்ணப்பமே போட முடியாது என்றார்களே, அதுவும் பொய். சி.ஓ.ஏ. இல்லாதவர்களும் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பித்து, வேலை கிடைத்தபின் தகுதிகாண் பருவத்துக்குள் அதை முடிக்க டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதப்போகிற வருடத்தின் அறிவிக்கையில் அந்தப் பகுதியை நீங்களே தேடிப் படியுங்கள்.

சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தேர்வை நடத்துவது யார், சான்றிதழில் யார் கையெழுத்து?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். நான் பெரும்பாலும் ஜிபேயில் ஒரு தனிநபர் எண்ணுக்குத்தான் கட்டினேன். கையில் கிடைத்த ரசீதில் சென்டரின் பெயர்கூட இல்லை. இப்போது அதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதே சென்டரில் படித்தவர்கள் இன்னும் இரண்டு பேர் ரசீதுகளோடு என்னுடன் சேர்ந்திருக்கிறார்கள். போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.