தமிழ்99-ஆ, தங்கிலீஷா: விரலுக்கு எது பழகும்?

கணினியில் தமிழ் அடிக்கப் பலரும் இன்று செய்வது, தங்கிலீஷில், அதாவது தமிழை ஆங்கில எழுத்துகளில், அடித்துவிட்டு வரும் பட்டியலிலிருந்து சொல்லைப் பொறுக்குவது. இன்னொரு வழி, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை. முதலாவதில் பல வருடம் ஓட்டிவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

புதியவருக்குத் தங்கிலீஷ்தான் சுகம். தெரிந்த ஆங்கில விசைகளே போதும். தமிழ்99-க்கு மாறினால் மடிக்கணினி விசைகளில் தமிழ் எழுத்தே இருக்காது. ‘ஞ’ எங்கே, ‘ழ’ எங்கே என்று தடவ வேண்டும். முதல் சில வாரம் எரிச்சல்தான். ‘வந்தான்’ அடிக்கத் தமிழ்99-இல் ஆறு தட்டு, தங்கிலீஷில் எட்டு என்ற கணக்கைப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

முக்கியமானது, விரலை நம்பிக் கண்ணை எடுக்க முடிகிறதா என்பதுதான். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கார்டன் லோகன் குழுவினர் தேர்ந்த தட்டச்சர்களிடம் பார்த்தது இது: மனத்தின் மேல்தளம் சொல்லை மட்டும் கொடுக்கிறது, எழுத்தெழுத்தாக அடிக்கும் வேலையைக் கீழ்த்தளம் தானே பார்த்துக்கொள்கிறது. லோகனும் அவருடைய சக ஆய்வாளர் கிரம்ப்பும் 2010-இல் வெளியிட்ட சோதனையில், அடித்தவர்கள் செய்யாத பிழைகளைத் திரையில் திருட்டுத்தனமாக நுழைத்தார்கள். செய்த பிழைகள் சிலவற்றைத் திருத்தியும் காட்டினார்கள். பிழை செய்தீர்களா என்று கேட்டபோது வாய் திரையை நம்பிப் பதில் சொன்னது. விரலோ உண்மையிலேயே தவறிய இடத்தில் மட்டும்தான் தயங்கியது. இன்னொரு சோதனையில், வெற்று விசைப்பலகைப் படத்தில் எழுத்துகளை நிரப்பச் சொன்னபோது, வேகமாக அடிப்பவர்களாலேயே சராசரியாக 26-இல் 15 எழுத்தைத்தான் சரியாக வைக்க முடிந்தது. என்னிடம் ‘ஞ’ எங்கே என்று கேட்டாலும் காற்றில் அடித்துப் பார்த்துத்தான் சொல்வேன்!

இப்போது தங்கிலீஷுக்கு வாருங்கள். பி-ஏ-எல்-எல்-ஐ என்று அடிக்கிறீர்கள். வருவது பள்ளியா, பல்லியா? பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். அதே ஐந்து தட்டுக்கு இன்று ஒன்று முதலில் நிற்கும், நாளை வேறொன்று நிற்கலாம். விரல் சரியாக அடித்தும் பலன் உறுதியில்லை என்றால், கீழ்த்தளம் எதை வைத்துத் தன்னைச் சரிபார்க்கும்? சொல்லுக்குச் சொல் மேல்தளம் இறங்கி வந்து பார்க்க வேண்டியதுதான். எத்தனை வருடம் அடித்தாலும் அந்தக் கண்காணிப்பு போகாது.

தமிழ்99-இல் ‘ள’வுக்கு ஒரு விசை, ‘ல’வுக்கு ஒரு விசை, என்றும் மாறாது. உயிரெழுத்து எல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘ந’வை அடுத்து ‘த’ வந்தாலும் அப்படியே.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்ததைப் பட்டியல் காட்டாமல் நேரே தமிழாக்கும் அஞ்சல் போன்ற ஒலியியல் முறைகளில் இந்தக் குறை கிடையாது. ‘ள’வுக்கு ஷிஃப்ட் அழுத்துவதோடு சரி. அதில் கை ஊறியவர்கள் மாறத் தேவையில்லை. கைபேசி வேறு கதை. அங்கே எப்படியும் கண் திரையில்தான் இருக்கிறது, அடிப்பதும் கட்டைவிரல். அதில் நான் நீளமாக எதுவும் எழுதியதில்லை. இரண்டு வரி வாட்ஸ்அப்புக்கு நானும் தங்கிலீஷ்தான்.